நவீன தொழில்நுட்பம் பயங்கரவாதத் தடுப்பை ஏன் சிக்கலாக்குகிறது?

திருகோணமலையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர்; நானா என்றுதான் அழைப்பேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்றின் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்களுக்கு அடுத்த மாவட்டமான மட்டக்களப்பில், சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் அந்த நானா என் கடைக்கு வந்தார். தொலைபேசியை நீட்டிய கை நடுங்கியது.

"தம்பி, இந்தத் தீவிரவாத வீடியோக்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் மிஞ்சாமல் அழித்துத் தாருங்கள்."

எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். வட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு காணொளியைப் போட்டால், செட்டிங்கை மாற்றி வைக்காதவரின் தொலைபேசியில், வைஃபை இணைப்பு இருந்தால் அது தானாகவே இறங்கிவிடும். நம்பிப் பார்த்தவர், வெறுத்தவர், திறந்தே பார்க்காதவர், எல்லோரிடமும் அதே கோப்பு இருக்கும். சோதனைக்கு வருகிறவர் எதை வைத்துப் பிரித்தறிவார்? வைத்திருந்தால் சந்தேகம், அழித்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். நான் அழித்துக் கொடுத்தேன்.

போர்க்காலத்தில் எங்கள் பக்கம் வோக்கி-டோக்கி வைத்திருந்தாலே குற்றம். புலிகளின் பகுதிகளுக்கு பற்றரி கொண்டுபோகவும் தடை இருந்தது. பொருளைத் தடுத்துத் தொடர்பைத் தடுக்கலாம் என்று அன்று கணக்குப் போட முடிந்தது. அலைவரிசை தெரிந்தால் ஒட்டுக்கேட்கவும் முடிந்தது. 2016 முதல் வட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவரின் தொலைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் தொலைபேசியில்தான் திறக்கிறது. நடுவில் அந்த நிறுவனத்தாலேயே வாசிக்க முடியாது. புலனாய்வாளருக்கு இது பெரிய சுவர்தான். ஆனால் கட்டாரில் இருக்கும் மகனோடு பேசும் தாய்க்கும் செய்தியாளருக்கும் அதே பூட்டுத்தான் காவல். குற்றவாளியின் செய்தியை மட்டும் பொலிஸுக்குத் திறந்து காட்டும் பூட்டை எந்தத் தொழிலாளியாலும் செய்ய முடியாது.

இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. தாக்குதலின் தலைவன் சஹ்ரான் 2017 மார்ச்சில் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பிறகு தலைமறைவானவன். அவனைப் பற்றி முஸ்லிம் மக்களே முறைப்பாடு செய்திருந்தார்கள். ஆள் பொலிஸுக்கு அகப்படவில்லை, ஆனால் அவனுடைய தமிழ்ப் பேச்சு மட்டும் முகநூலிலும் யூடியூபிலும் வந்துகொண்டே இருந்தது. முன்பு ஊரை விட்டு ஓடியவனின் குரலும் அவனோடு ஓடிவிடும்.

அரசு செய்தது என்ன? குண்டு வெடித்த அன்றே முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. விவரம் தெரிந்த இளைஞர்கள் முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டார்கள். மட்டக்களப்பில் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று தேடிய ஒருவர் என் கடை வாசலில் நின்று அழுதார். சில நாட்களில் பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படம் தவறாகச் சேர்ந்திருந்தது. திருத்தம் வருவதற்குள் அந்தப் படம் உலகைச் சுற்றிவிட்டது.

ஆகவே தொழில்நுட்பம் சிக்கலாக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019இல் நாங்கள் தோற்றதற்கு அதைக் காரணம் சொல்ல விடமாட்டேன். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிடமிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதத்தில் சஹ்ரானின் பெயரே இருந்தது. பூட்டிய செய்தி எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை, கையில் இருந்த கடிதத்தை வாசித்து நடவடிக்கை எடுத்திருந்தால் போதும். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வுத் தலைவர்களையும் பொறுப்பாக்கி, முன்னாள் ஜனாதிபதி தன் பங்காக 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்த நானா அதற்குப் பிறகு பொத்தான் தொலைபேசிக்கு மாறிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகத்தைக் காண வேண்டுமென்றால், இப்போதும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறார்.