கேஸில் எழுத்து இருக்கவேண்டும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. ஐடியில் வேலை, வீட்டிலிருந்தே. ஆறு மாதமாக எதையும் முடிக்க முடியவில்லை. ஆபீஸ் வேலை எல்லாம் கடைசி நிமிஷத்தில்தான் நடக்கிறது. ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகவில்லை. ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. தூக்கமும் சரியில்லை. மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் அன்று இரவு பெரிய வேகம் வருகிறது. காலையில் ஒன்றும் இல்லை. என் அப்பா முப்பது வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறார். ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை, பழக்கத்தில் ஓடுகிறார். எனக்கு உள்ளேயிருந்து ஓர் ஊக்கம் வேண்டும். நீங்கள் அதை எப்படித் தக்கவைத்துக்கொள்கிறீர்கள்?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

தூக்கம் சரியில்லை என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் சின்ன விஷயம் இல்லை. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். உடம்போ மனசோ சிரமப்படும்போது அதைச் சோம்பல் என்று திட்டிக்கொண்டிருப்பது உங்களுக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

ஜிம்மை விடுங்கள். வீடியோக்களையும் விடுங்கள், அதில் வருகிற வேகம் பார்த்து முடிப்பதற்குள் செலவாகிவிடுகிறது.

ஆனால் அப்பாவைப் பற்றிய வரியைப் படித்ததும் கோபம் வந்தது. வேறு வழி இல்லாதவர் என்று ஒரே வரியில் அவரை ஓரங்கட்டிவிட்டீர்கள். ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் அவர் என்ன செய்கிறார் என்று என்றைக்காவது நின்று பார்த்ததுண்டா? தீர்ந்த சரக்கைத் துண்டுச் சீட்டில் குறிப்பார். கல்லாவை எண்ணிச் சில்லறையைத் தனியே வைப்பார். மூட்டையிலிருந்து டின்களை நிரப்புவார். காலையில் முதல் ஆள் வந்து கால் கிலோ துவரம்பருப்பு கேட்டால் கை யோசிக்காமல் போகும். இதற்கா பழக்கத்தில் ஓடுவது என்று பெயர்?

இதைக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறைகளில் மாயவரத்தில் பெரியப்பாவின் அச்சகத்தில்தான் கிடப்பேன். ஈய எழுத்தும் ட்ரெடில் மிஷினும் ஓடிய காலம். கம்போஸ் செய்வது எல்லோருக்கும் பிடிக்கும். இடது கையில் எழுத்து கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கேஸ் என்கிற அறை அறையாகத் தடுத்த தட்டிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி வைக்க வைக்க, வரி தலைகீழாகத் திரண்டு வரும். யாருக்கும் பிடிக்காத வேலை, அச்சடித்து முடிந்தபிறகு வரும். ஃபாரத்தை, அதாவது எழுத்து கோத்துக் கட்டிய பக்கத்தை, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கட்டிய நூலை அவிழ்த்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போடவேண்டும். தமிழுக்கு அறைகளும் அதிகம். ‘கி’ போய் ‘கீ’ அறையில் விழுந்தால் மறுநாள் புரூஃபில் பல்லிளிக்கும். விரல் கருக்கும், கண் எரியும், ஒருவரும் பாராட்டமாட்டார்கள். அதை முடிக்காமல் பெரியப்பா யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். “காலைல வந்து ‘க்’ இல்ல, ‘த்’ இல்லன்னு தேடினா அன்னிக்குப் பொழுது போயிடும்டா” என்பார். முகூர்த்த மாதங்களில் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் வரியை மட்டும் பிரிக்காமல் கட்டியே வைத்திருப்பார்கள். வருஷப் பெயரும் தேதியும் பெண், மாப்பிள்ளை பெயரும்தான் மாறும்.

காலையில் வேலை ஓடாததற்கு உங்கள் மனம்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். நான் இல்லை என்கிறேன். நேற்று பிரித்துப் போடாதது அப்படியே குவிந்து கிடக்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்பைத் திறந்தால் பாதி எழுதிய மெயில்கள், எது கடைசி என்று தெரியாத ஃபைல்கள், எதற்கு எழுதினோம் என்று மறந்துபோன குறிப்புகள். முதல் அரைமணி தேடுவதிலேயே போகிறது. தேடிச் சலித்ததும் கை போனுக்குப் போகிறது. அப்புறம் அதற்கு ஊக்கம் இல்லை என்று பெயர் வைத்து, அந்த ஊக்கத்தைத் தேட ஆரம்பிக்கிறீர்கள். வேலையை நிறுத்தும்போது கடைசிக் கால்மணி நேரம் நாளைக்கு உரியது. களைத்துப்போன நேரம், எரிச்சல் வரும், இருந்தாலும் அன்றைய குவியலைப் பிரித்து அதனதன் இடத்தில் போட்டே ஆகவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேலை 1947இல் தொடங்கியது. முதல் தொகுதி வந்தது 1954இல், பத்தாவது தொகுதி 1968இல். முதல் ஏழு வருஷம் இதோ என்று எடுத்துக்காட்ட ஒரு புத்தகம்கூடக் கிடையாது. அறிஞர்களிடம் கட்டுரை கேட்டு, வந்ததைத் திருத்தி, கலைச்சொல் பார்த்து, அகரவரிசையில் கோத்துக்கொண்டே போகிற வேலை. தூரன் கவிஞர், அருமையான கீர்த்தனைகள் எழுதியவர். உள்ளேயிருந்து வரும் எழுச்சியைப் பற்றி அவருக்கு நீங்களும் நானும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தலைப்பு வந்துவிட்டது, எது யாரிடம் நிற்கிறது என்று தெரியாமல் அப்படிப்பட்ட வேலை ஓர் அங்குலம் நகராது. அதை முடித்த கையோடு குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கலைக்களஞ்சியம், அதுவும் பத்துத் தொகுதி, 1976 வரை.

நீங்கள் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். ஊக்கத்தைப் பற்றி அத்தனை சொல்கிறீர்கள். நாவலைப் பற்றி, பாதியில் நிற்கிறது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எந்த இடத்தில் நிற்கிறது? யார் பேசிக்கொண்டிருக்கும்போது நின்றது? அடுத்து அந்த ஆள் எங்கே போகவேண்டும்? அதை எனக்கு எழுதுங்கள்.