குழந்தைக்குப் பல் எடுக்க எந்த மயக்கம்? வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆறு வயது மகளுக்கு ஒரு கடைவாய்ப் பால் பல்லை எடுக்க வேண்டும். சிரிப்பு வாயு போதுமா?

பதில்: ஒரே பல்தான், மூக்கடைப்பு இல்லை, சொன்னால் கேட்டு உட்காருவாள் என்றால் போதும். மூக்கின்மேல் சின்ன மாஸ்க் வைத்து, ஆக்சிஜனோடு நைட்ரஸ் ஆக்சைடு என்ற இந்தச் சிரிப்பு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஐந்து நிமிடத்தில் பிள்ளை தளர்ந்துவிடும். தூங்காது, கேட்டால் பதில் சொல்லும். ஆனால் வாயு பயத்தைத்தான் குறைக்கும். ஈறு மரத்துப்போக ஊசி போட்டே ஆகவேண்டும். "ஊசியே கிடையாது" என்று வீட்டில் வாக்குக் கொடுத்துக் கூட்டிவராதீர்கள்.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு எட்டுப் பல் சொத்தை. நாலைந்து தடவை போய் வருவதா, முழு மயக்கத்தில் ஒரேயடியாக முடிப்பதா?

பதில்: இந்த வயதில், இத்தனை பல்லுக்கு, முழு மயக்கம்தான் என் பரிந்துரை. இரண்டாவது தடவையிலேயே பிள்ளை வாயைத் திறக்க மறுத்துவிடுவான். அப்புறம் கை காலைப் பிடித்துக்கொண்டு செய்வதைப் பார்க்கவே மனம் பொறுக்காது. தியேட்டரில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து, ரத்தமும் பல் துணுக்கும் இறங்காமல் தொண்டையில் ஈரத் துணி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். எடுக்க வேண்டியது, அடைக்க வேண்டியது எல்லாம் அன்றே முடிய வேண்டும். பிழைக்குமா என்று சந்தேகமுள்ள பால் பல்லை எடுத்துவிடுவதே மேல். அதற்காக ஆறு மாதத்தில் இன்னொரு மயக்கம் வேண்டாம்.

கேள்வி: கிளினிக்கிலேயே ஒரு சிரப் கொடுத்துத் தூங்கவைத்து நாலு பல்லை எடுத்துவிடலாம், ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம் என்கிறார்கள். சரியா?

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. பெரும்பாலும் அந்த சிரப் மிடாசோலம் என்ற தூக்க மருந்தாக இருக்கும். குடித்துக் கால் மணி, இருபது நிமிடத்தில் பிடிக்கும். வாயுவைப் போல நினைத்த நேரத்தில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சில பிள்ளைகள் அடங்குவதற்குப் பதிலாகக் கத்தி ஆர்ப்பாட்டம் செய்வார்கள். அப்போது அடங்கவில்லையே என்று இன்னொரு மருந்தைச் சேர்ப்பதுதான் ஆபத்து. லேசான மயக்கம் ஆழமான மயக்கமாக மாறுவது வெளியே தெரியாது. நாக்கு பின்னால் சரிந்தால் பிள்ளையின் மூச்சு சத்தமில்லாமல் நின்றுவிடும்.

அதனால் ஒன்றை நேருக்கு நேர் கேளுங்கள்: "நீங்கள் பல் எடுக்கும்போது என் பிள்ளையின் மூச்சை யார் பார்ப்பார்கள்?" பல் எடுப்பவரே அதையும் பார்த்துக்கொள்வார் என்பது பதிலானால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை தூங்கும் அளவுக்கு மயக்கம் கொடுத்தால், மயக்கம் கொடுப்பதில் பயிற்சி பெற்ற தனி ஆள் கூட இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் குழந்தைப் பல் மருத்துவர்களும் சேர்ந்து 2019-இல் விதி வகுத்தார்கள். இங்கிலாந்தில் பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுப்பதை 2001 கடைசியோடு நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். செலவுதான் தடை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: முழு மயக்கம் மூளையைப் பாதிக்குமா?

பதில்: மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் எச்சரித்தது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மணி நேரத்துக்குள் ஒரே தடவை மயக்கம் பெற்றவர்களை ஐந்து வயதில் சோதித்த பெரிய ஆய்வில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை.

கேள்வி: முழு மயக்கத்துக்கு முன்னால் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் எதுவரை என்று மயக்க மருத்துவரைக் கேளுங்கள், பெரும்பாலும் இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம். பாட்டி பாவம் பார்த்து அரை டம்ளர் பால் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாளைத் தள்ளிப்போட்டால் போயிற்று, வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சளி, ஜுரம், ராத்திரிக் குறட்டை, இதயக் கோளாறு, ரத்தம் உறையாத தொந்தரவு, எதையும் விடாதீர்கள். சளி பிடித்திருந்தால் சில வாரம் தள்ளிவைப்பார்கள், வற்புறுத்தாதீர்கள். விழித்ததும் பிள்ளை உங்களையே அடையாளம் தெரியாததுபோல் அழலாம். பெரும்பாலும் அரை மணியில் அடங்கிவிடும். மரப்பு ஊசியும் போட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொள்ளாதபடி பக்கத்திலேயே இருங்கள்.