நெற்றியில் வைத்த கை

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சென்ற தீபாவளியோடு, இனி யார் பழுதுபார்க்க வருகிறார்கள் என்று சொல்லி மூடிவிட்டார். 1980களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை வந்த ‘ஸ்டார் டிரெக்’ விண்கப்பல் தொடர் என்றால் அவருக்கு உயிர். ஊர் வாயனசாலை (படிப்பகம்) டி.வி.க்கு ஆண்டெனா கட்டியவரே அவர்தான். அவர் கூரைமேல் நின்று திருப்பித் திருப்பி ‘தெரிகிறதா?’ என்று கேட்க, கீழே இருந்து எல்லாரும் கத்துவார்களாம்.

நான் கோவையில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். அப்பா மொபெட்டில் வந்து அழைத்துப் போவார். பொங்கலுக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டார். அதே கதைமாந்தர்களை வைத்து 2009இல் புதிதாக எடுத்த ‘ஸ்டார் டிரெக்’ படம் எனக்கு மிகவும் பிடிக்கும். விஷு விடுமுறையில் புதிய பெரிய டி.வி.யில் அதைப் போட்டுக் காட்டினேன். படம் முழுக்க, பார்க்கச் சகிக்காதவர் போல இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், “பழைய தொடரின் கால் தூசி பெறாது. யாரோ முகத்தில் டார்ச் அடிக்கிறார்கள்” என்றார். மறுநாள் பந்தியில், உறவினர்கள் முன்னால், “அட்டைப்பெட்டிக் கப்பலையும் தெர்மாகோல் பாறையையும் பார்த்து வியந்தவருக்கு இது எப்படிப் பிடிக்கும்?” என்று சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். ஆறு வாரமாகப் பேச்சில்லை. ரசனை தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, நான்கு பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கியிருக்கிறோம். வெட்டியதெல்லாம் படத்தைப் பற்றியது. பழைய தொடரை விரும்புகிறவர்களின் பிடிவாதம் ஒரு பக்கம், புதிய படத்தை விரும்புகிறவர்களின் நியாயம் ஒன்றரைப் பக்கம். அப்பாவும் பிள்ளையும் ரசனைக்காக முட்டிக்கொள்ளும் கடிதங்கள் எனக்கு மாதந்தோறும் வருகின்றன. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டில் வைத்திருப்பேன். ‘இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டே’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அதை நீங்களே மறுபடி படியுங்கள். விளக்கை அணைத்த அறை. எதிரே பெரிய திரை. ஒரு மனிதர் இரண்டு மணி நேரம் புருவத்துக்கு மேல் கையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிடிக்காத படத்தை யாராவது அப்படிப் பார்ப்பார்களா? பிடிக்காதவர் எழுந்து திண்ணைக்குப் போவார், உட்கார்ந்தபடியே தூங்குவார், அம்மாவிடம் காபி கேட்பார். மத்தியான வெயிலில் வேலந்தாவளம் செக்போஸ்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்தான் அப்படிக் கை வைப்பார். உங்கள் அப்பாவுக்குக் கண் கூசியிருக்கிறது. அந்தக் கூச்சத்தோடு கடைசி வரை உட்கார்ந்திருந்தார், நீங்கள் ஆசையாகப் போட்டுக் காட்டிய படம் என்பதால். அதை அவமதிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள்.

டார்ச் என்றாரே, அதற்கு வருவோம். அது வயதானவரின் முணுமுணுப்பு என்று நினைத்தீர்கள். அந்தப் படத்தின் இயக்குநர் ஜே.ஜே. ஏப்ரம்ஸ், படச்சட்டத்துக்கு வெளியே ஆட்களை நிறுத்தி, கேமராவின் லென்ஸை நோக்கி உண்மையாகவே டார்ச் விளக்குகளை அடிக்கச் செய்துதான் திரையின் குறுக்கே பாயும் அந்த ஒளிக்கீற்றுகளை எடுத்தார். அளவு மீறிவிட்டது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். நல்ல கண் உள்ளவர்களே அந்தப் பளபளப்பைக் குறை சொன்னார்கள். முப்பது ஆண்டு படக்குழாயோடு வாழ்ந்த மனிதர் ஒரே பார்வையில் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று படத்தைப் பற்றி, மற்றொன்று தன் கண்ணைப் பற்றி. இரண்டும் உங்கள் காதில் விழவில்லை.

இப்போது தேதிகளை வரிசையாக வையுங்கள். தீபாவளிக்குக் கடையை மூடினார். பொங்கலுக்குப் பிறகு இரவில் மொபெட் எடுப்பதை நிறுத்தினார். விஷுவுக்கு நெற்றியில் கை வைத்தார். மூன்றையும் எழுதியது நீங்கள்தான். சண்டை வந்தது விஷுவில். மொபெட் நின்றது அதற்கு மூன்று மாதம் முன்னால். அப்படியானால் அது கோபத்தால் நின்றிருக்க முடியாது. எதிரே வரும் லாரியின் விளக்கு கண் முழுக்கப் பரவி, சாலையின் ஓரம் எது என்றே தெரியாமல் ஒரு நாள் அவர் வண்டியை நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்.

கடையும் அப்படித்தானோ? வேலை குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர் தொழிலை நினைத்துப் பாருங்கள். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ரெசிஸ்டர். அதன் உடம்பைச் சுற்றி மயிரிழையாக, அதன் மின்தடை அளவைச் சொல்லும் வண்ணக் கோடுகள். பழுப்பு என்றால் ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, பச்சை ஐந்து, நீலம் ஆறு, ஊதா ஏழு. கோட்டைத் தவறாகப் படித்தால் தவறான பாகம் ஏறும், ஒருவர் நம்பிக் கொடுத்த பெட்டி புகைந்துபோகும். கண்ணில் புரை விழும்போது உள்ளிருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பேறும். முதலில் மங்குவது நீலமும் ஊதாவும்தான். தொழிலில் நாணயம் உள்ளவர் அதற்குமேல் கடையைத் திறந்து வைப்பாரா? ‘யாரும் வருவதில்லை’ என்று சொல்லி மூடுவதுதான் அவருக்கு மரியாதையாக இருந்திருக்கும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடையை மூடிய அன்று அவரோடு உட்கார்ந்து ஏன் என்று கேட்டீர்களா? படத்துக்கு இரண்டரைப் பக்கம் எழுதியவர், அப்பாவின் முப்பது ஆண்டுத் தொழில் முடிந்ததற்கு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியபோது சோற்றில் கல் வரத் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு முறை, பிறகு தினமும். பல்லில் நறநறவென்று கடிபட்டதும் அண்ணன் முகம் சுளிப்பான், நான் சத்தம் போடுவேன். “கவனம் எங்கே இருக்கிறது உங்களுக்கு?” என்று கேட்டிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். தற்செயலாகப் பக்கத்தில் போனேன். பார்வை தெருவில் இருந்தது, விரல்கள் மட்டும் அரிசியில் ஊர்ந்துகொண்டிருந்தன. தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எத்தனை மாதமாக என்று இன்றுவரை தெரியாது. அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் வீட்டுச் சுவரைப் பார்த்து, “எப்போது வெள்ளையடித்தீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் யாரும் அடிக்கவில்லை.

ஆகவே என் கோபத்தில் ஒரு பங்கு என்மேல் எனக்குள்ள கோபம். அதற்காக உங்களுக்குச் சலுகை தரப் போவதில்லை.

படத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்றும் கேட்டிருந்தீர்கள். சொல்லிவிடுகிறேன். 1966இலிருந்து 1969 வரை ஓடிய தொடர் அது. 79 பாகங்கள். நானும் ஞாயிறுகளில் பார்த்திருக்கிறேன். ஆம், பாறைகள் பொய்ப் பாறைகள்தான். ஆனால் அதில் மனிதர்கள் முடிவெடுக்குமுன் உட்கார்ந்து பேசினார்கள். புதிய படத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டே பேசுகிறார்கள். பழையவர்களின் குறை அதுதான், அது நியாயமான குறை. உங்கள் கட்சிக்கும் நியாயம் உண்டு. படம் பழைய கதையை அழிக்கவில்லை. காலம் வேறு பாதையில் பிரிந்துவிட்டது என்று வைத்து, பழையதை அதன் இடத்திலேயே விட்டுவைத்தது. பழைய தொடரில் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாயை, 78 வயதில், மூத்த ஸ்பாக்காகக் கொண்டுவந்து இளையவர்கள் நடுவில் நிறுத்தியது. மூத்தவரை மதித்து நடுவில் நிறுத்தும் மறுபதிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே மூத்த ஸ்பாக் அந்தப் பனிக் குகையில் கதாநாயகன் கிர்க்கிடம் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். புதிய பாதையில் கிர்க் பிறந்த அன்றே அவன் அப்பா கப்பலோடு இறந்துபோகிறார். பழைய பாதையில் அவர் உயிரோடு இருந்தார், மகன் எண்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் ஆனதைப் பெருமையோடு பார்த்தார் என்று ஸ்பாக் சொல்கிறார். அந்த இடத்தில் உங்களுக்குக் கண் கலங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். திரையில் அப்பா இல்லாத பிள்ளைக்காகக் கலங்கினீர்கள், பக்கத்து நாற்காலியில் உங்கள் அப்பா நெற்றியில் கையோடு உட்கார்ந்திருந்தார்.

பழைய தொடரில் இரண்டு மூன்று பாகங்கள் பார்த்துவிட்டு விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 1967 நவம்பரில் வந்த ஒரு பாகத்தைச் சொல்கிறேன். ஸ்பாக்கின் அப்பா சாரெக் கப்பலுக்கு வருகிறார். மகன் தான் சொன்ன அறிவியல் கழகத்தில் சேராமல் விண்படையில் சேர்ந்தான் என்பதற்காகப் பதினெட்டு ஆண்டுகள் அப்பாவும் பிள்ளையுமாகப் பேசாமல் இருந்தவர்கள். சாரெக்குக்கு இதய நோய். அதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். சொல்லியிருந்தால் உன்னால் என்ன செய்திருக்க முடியும் என்கிறார். கடைசியில் மகனின் ரத்தம்தான் அறுவைச் சிகிச்சைக்கு வேண்டியிருக்கிறது. மகனோ கப்பலின் பொறுப்பு தன் கையில் இருக்கிறது என்று வர மறுக்கிறான். அம்மா அவன் கன்னத்தில் அறைகிறாள். உங்கள் அட்டைப்பெட்டிக் கப்பலுக்குள் நடந்த கதை இது. உங்கள் அப்பா அந்தத் தொடரை ஏன் இத்தனை ஆண்டு நெஞ்சில் வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். ஆனால் இப்போது வேண்டாம், கண் தெளிந்த பிறகு.

ஊரே பார்க்கட்டும் என்று கூரைமேல் நின்று ‘தெரிகிறதா?’ என்று கேட்ட மனிதர் அவர். இந்த ஓராண்டில் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. அது உங்கள் வேலை, தம்பி. அம்மாவின் வேலை என்று தள்ளாதீர்கள், பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு அனுப்பாதீர்கள். பெற்றவரின் கண் விஷயத்தில் பிள்ளை நேரில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

நான் மருத்துவர் அல்ல. புரையா, கண் நீர் அழுத்தமா (கிளாகோமா), சர்க்கரையால் வந்த கேடா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். புரையானால் அவ்வளவாகப் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண் நீர் அழுத்தமானால் போன பார்வை திரும்பாது. அதனால்தான் இந்த ஆறு வார மௌனத்தை நினைத்து எனக்கு ஆத்திரம் வருகிறது. 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நீங்கள் வேலை பார்க்கும் கோவையிலேயே இருக்கிறது. பாலக்காடு வசதி என்றால் அங்கே போங்கள். எங்கே என்பது முக்கியமில்லை, என்றைக்கு என்பதுதான் முக்கியம். பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரிப்பார்கள், சில மணி நேரம் எல்லாம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். அறுவைச் சிகிச்சை என்றால் அதற்குப் பிறகு பல வாரம் வேளை தவறாமல் சொட்டு விட வேண்டும். முதல் வாரமாவது விடுப்பு எடுத்து நீங்கள் விடுங்கள்.

வர மாட்டேன் என்பார். வயதானால் அப்படித்தான் என்பார். அவரிடம் கண்ணைப் பற்றித் தொடங்காதீர்கள். “அப்பா, நீங்கள் சொன்னது சரி. லென்ஸுக்கு நேராக டார்ச் அடித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்” என்று தொடங்குங்கள். எப்படி அடித்தார்கள், எந்தக் கோணத்தில் என்று கேட்பார். அவர் தொழிலே அதுதானே. பேச்சு வந்த பிறகு, தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேளுங்கள். பந்தியில் சொன்ன சொல்லை, அன்று பந்தியில் இருந்தவர்கள் முன்னாலேயே திரும்பப் பெற வேண்டும். தனியாகச் சொல்லும் மன்னிப்பு அதற்குப் போதாது.

இந்த வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்குக் காத்திராதீர்கள். அரை நாள் விடுப்புப் போட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கொழிஞ்சாம்பாறையில் இறங்கி வீட்டுக்கு நடந்து போங்கள். சனிக்கிழமை காலை மொபெட்டில் அவரைப் பின்னால் உட்காரவைத்து பஸ் நிறுத்தத்துக்கு அழைத்து வாருங்கள். வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.