மரபணு மாற்றிய உணவுக்கு லேபல் வேண்டுமா என்ற விவாதத்தில் கம்பனிகளின் செல்வாக்கு எவ்வளவு?

சென்ற மாதம் வெள்ளவத்தைக் கடையொன்றில் சோயா மீற் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது மரபணு மாற்றிய சோயாவா என்று அம்மா கேட்டிருந்தார். மூன்று மொழிகளிலும் இருந்த பொருட்பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் இலங்கைச் சட்டப்படி, எழுதாவிட்டால் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். அதை நம்பலாமா என்பதே அம்மாவின் கவலை. அந்தக் கவலையோடுதான் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

செல்வாக்குப் பெரிது, அமெரிக்காவில் அதற்குக் கணக்கே இருக்கிறது. 2012இல் கலிபோர்னியாவில் லேபலைக் கட்டாயமாக்கும் யோசனை வாக்களிப்புக்கு வந்தது. எதிர்த்தவர்கள் ஏறத்தாழ 46 மில்லியன் டொலர் செலவிட்டார்கள். மரபணு மாற்றிய விதைகளை விற்ற மொன்சாண்டோ கம்பனி மட்டும் 8 மில்லியனுக்கு மேல் கொடுத்தது. ஆதரவாளர்களிடம் இருந்தது சுமார் 9 மில்லியன். குடும்பத்தின் உணவுச் செலவு ஆண்டுக்கு 400 டொலர் வரை கூடும் என்று விளம்பரங்கள் ஓயாமல் பயமுறுத்தின. யோசனை மயிரிழையில் தோற்றது.

அடுத்த ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததுதான் என்னை உண்மையில் கோபப்படுத்துகிறது. அங்கேயும் இதே யோசனை வாக்களிப்புக்கு வந்தது. மளிகை உற்பத்தியாளர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் தனியாகப் பணம் திரட்டி, சங்கத்தின் பெயரிலேயே சுமார் 11 மில்லியன் டொலரை எதிர்ப்புப் பிரசாரத்துக்குக் கொடுத்தது. கொடுத்த கம்பனிகள் மீது வாடிக்கையாளர்களின் கோபம் திரும்பக்கூடாது என்பதே ஏற்பாடு. மாநிலச் சட்டமா அதிபர் வழக்குப் போட்ட பிறகுதான், வாக்களிப்புக்குச் சில வாரங்களே இருக்கையில், பெப்சிகோ, நெஸ்லே, கொக்காகோலா ஆகிய பெயர்கள் வெளிவந்தன. 2016இல் நீதிமன்றம் 18 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. அதற்குள் அந்த யோசனை தோற்று மூன்று ஆண்டுகளாகிவிட்டன.

அதே 2016 ஜூலையில் வெர்மொன்ட் மாநிலத்தின் லேபல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் மத்திய சட்டமொன்று அதை மேவிவிட்டது. எழுத்துக்குப் பதிலாக கியூஆர் குறியீடு போட்டாலும் போதும் என்றது அது. என் அம்மாவின் கைத்தொலைபேசியில் அதை வாசிக்க முடியாது.

லேபல் கேட்டவர்களுக்கும் இயற்கை உணவுக் கம்பனிகள் பணம் கொடுத்தன, அதை மறைக்கக்கூடாது. இந்த உணவுகளால் உடல்நலத்துக்குக் கூடுதல் ஆபத்து என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 2016இல் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனாலும் என்ன வாங்குகிறேன் என்று அறிய எனக்கு நோய் வந்திருக்க வேண்டியதில்லை.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2001இல் இலங்கை மரபணு மாற்றிய உணவுகளை அடியோடு தடைசெய்வதாக அறிவித்தது. அமெரிக்கா உலக வர்த்தக விதிகளைக் காட்டி எதிர்த்தது. தடை தள்ளிப்போய்க் கிடப்பில் விழுந்தது. 2007 ஜனவரி 1 முதல் அனுமதியையும் லேபலையும் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் வந்தன. இறக்குமதியாகும் சோயாவையும் சோளத்தையும் சோதித்த முடிவுகளைக் கடைக்காரரும் நானும் வாசிக்கக்கூடிய இடத்தில் மூன்று மொழிகளிலும் வைத்தால், அம்மாவுக்கு நேராகப் பதில் சொல்லிவிடுவேன்.