விடுமுறை நாளின் கணக்கு

வணக்கம் ஐயா,

திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. போன வாரம் சனிக்கிழமை காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மாடித் தோட்டத்தில் இருந்த கத்தரியைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். (மிளகாய்ச் செடிகளில் மட்டும் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கின்றன. என்ன செய்வதென்று தெரியவில்லை.) சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்து 'அந்த நாள்' படம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு, 1999 சென்னை டெஸ்ட்டின் கடைசி நாள் ஆட்டத்தை அப்பாவும் நானும் யூடியூபில் மறுபடி பார்த்தோம். அந்தக் காலத்தில் ரேடியோ வர்ணனை கேட்டு அப்பா ஸ்கோர் எழுதி வைத்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுத்து வந்து சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கள்கிழமை அலுவலகத்தில் வழக்கமான விசாரிப்பு. ஒருவர் ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தார். இன்னொருவர் 21 கிலோமீட்டர் ஓட்டம் ஓடியிருந்தார். என்னிடம் கேட்டபோது "ஒண்ணும் இல்ல, வீட்லதான் இருந்தேன்" என்றேன். நடந்ததைச் சொன்னதும், முடிவு தெரிந்த ஆட்டத்தையும் எழுபது வருடத்துக்கு முந்தைய படத்தையும் பார்ப்பதில் என்ன பயன் என்று நண்பர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து மனதில் ஒரு குறுகுறுப்பு. இந்த நேரத்தில் எனக்குப் பயன்படும் எதையாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டுமோ? அந்த நோட்டுகளைக்கூடப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வருகிறது. உங்கள் கருத்து என்ன?

ப., திருச்சி

*

அன்புள்ள ப.,

மிளகாயை முதலில் பேசிவிடுவோம், அது காத்திருக்காது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனாக இருக்கும். ரொம்பவும் சுருண்டுபோன நுனிகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்க இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பூச்சி குடியிருப்பது அடிப்பக்கம்தான். மேலே மட்டும் தெளித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

சரி, உங்கள் குறுகுறுப்புக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தானாக வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறையே கிடையாது. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை வேலை. நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுப் போராடினார். 1890 ஜூன் 10 அன்றுதான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆறு வருடம் போராடி வாங்கிய நாள் அது. அந்த நாள் முழுக்கத் தொழிலாளியுடையது. அதில் என்ன செய்தாய் என்று திங்கள்கிழமை வேலை இடத்தில் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. நாமாகவே போய்க் கணக்குக் கொடுக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

உங்களைப் போன்றவர்களுக்கு ஆதரவாகச் சிலர் ஒரு வாதம் சொல்வார்கள். பொழுதுபோக்கு மனதைத் தெளிவாக்கும், திங்கள்கிழமை வேலை இன்னும் நன்றாக நடக்கும் என்று. எனக்கு அது பிடிப்பதில்லை. தோட்டத்தையும் அப்பாவையும் பழைய படத்தையும் அலுவலகத்துக்கு எடுபிடியாக்கும் வாதம் அது. கத்தரிச் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றியது கத்தரி காய்ப்பதற்காக. சைக்கிளுக்கு எண்ணெய் போட்டது சைக்கிள் ஓடுவதற்காக. அதற்கு மேல் காரணம் எதற்கு?

முடிவு தெரிந்த ஆட்டத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று நண்பர் கேட்டாராம். நீங்கள் பார்த்த அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சேப்பாக்கம், 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா ஜெயிக்க 271 வேண்டும். 82க்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் சேர்த்தார்கள். சச்சினுக்கு முதுகுவலி. ஒவ்வொரு அடிக்கும் பிறகு அவர் முகம் சுருங்குவது படத்திலேயே தெரியும். 136 அடித்து, ஸ்கோர் 254 இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடிக்க, பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் பிடித்துவிட்டார். இன்னும் 17 ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில் இருக்கிறது. 258க்கு எல்லாம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி.

முதல் முறை பார்த்தவர்கள் ஸ்கோரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்தப் பதற்றத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது. முடிவு தெரிந்த பிறகு பார்த்தால்தான் சக்லைன் எந்தப் பந்தை எப்போது போடுகிறார், அக்ரம் எந்த ஆளை எங்கே நகர்த்துகிறார், மோங்கியா எப்படித் தன் பங்கை அமைதியாகச் செய்துகொண்டு போகிறார் என்பதெல்லாம் தெரிகிறது. இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தவர் சக்லைன். அவர் பந்துவீச்சை மட்டும் பார்ப்பதற்கென்றே இன்னொரு தடவை அந்த ஆட்டத்தைப் போடலாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். தோற்ற ஊரின் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது, தட்டல் நிற்கவில்லை. அதே மைதானத்தில் 1997இல் சயீத் அன்வர் ஒருநாள் போட்டியில் 194 அடித்தபோதும் இதே கூட்டம் கொண்டாடியது. இப்படிக் கை தட்ட ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். எதிரணிக்காரர் செய்த வேலை எவ்வளவு கடினம் என்று புரிந்திருக்க வேண்டும். வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வருகிற அறிவு அது. ரசிகனாக இருப்பது வீண் என்று சொல்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்தக் கூட்டத்தை. இன்று சமூக ஊடகத்தில் எதிரணி ஆட்டக்காரரின் குடும்பத்தையே திட்டுகிறவர்களும் தங்களை ரசிகர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. உங்கள் அப்பா உங்களுக்குக் காட்டியிருப்பது வேறு வகை ரசனை. அதை விட்டுவிடாதீர்கள்.

படத்துக்கு வருவோம். 'அந்த நாள்' வந்தது 1954இல். பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுக்க அன்று எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இயக்கிய எஸ். பாலசந்தர் பெரிய வீணை வித்வான். இசையில் ஊறிய மனிதர் தன் படத்தில் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார். சென்னையில் ஜப்பானியர் குண்டு விழுந்த 1943 அக்டோபர் நாட்களில் நடக்கும் கதை. சிவாஜியின் பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறது, பிறகு ஒவ்வொருவரும் தான் பார்த்ததைச் சொல்கிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது பண்டரிபாயின் முகத்தைக் கவனியுங்கள். படத்தின் பாரம் முழுக்க அவரிடம்தான் இருக்கிறது.

அப்புறம் 'சர்வர் சுந்தரம்' பாருங்கள், 1964. அதில் 'அவளுக்கென்ன' பாட்டில் எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் தாங்களாகவே திரையில் வருவார்கள். ஒலிப்பதிவுக் கூடம், வாத்தியக்காரர்கள், நடனத்துக்கான ஒத்திகை எல்லாம் அந்த ஒரே பாட்டில் இருக்கிறது. ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு என்று அந்தக் காலத்துப் படமே எடுத்துக் காட்டியிருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். உங்கள் அப்பாவுக்கு அந்தப் படம் பற்றிச் சொல்ல நிச்சயம் ஏதாவது இருக்கும்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் தொட்டி கழுவியது இருக்கிறது, செடி இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. இரண்டு நாளிலும் சமையலறை வரவே இல்லை. "மதியம் சாப்பிட்டுவிட்டு" என்று ஒரு வரி போகிறது. அந்தச் சாப்பாட்டை யார் செய்தது? இட்லிக்கு ஊறப் போட்டு அரைத்து வைத்தது யார்? நம் வீடுகளில் பல பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகமான நாள். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கறியோ மீனோ எடுத்தால் மதியம் இரண்டு மணிவரை அடுப்படியிலேயே நிற்க வேண்டும், அப்புறம் பாத்திரம். தண்ணீர்த் தொட்டி மாதத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும், சமையல் தினமும் மூன்று வேளை. லோகண்டே வாங்கித் தந்த நாள் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஞாயிறு நிறைவாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதே நிறைவு அடுப்படியில் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். ஞாயிறு மதியச் சமையலை நீங்களும் அப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே கிரிக்கெட் பேசலாம்.

நோட்டுகளைத் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஆட்டங்களின் ஸ்கோர் இணையத்தில் கிடைக்கும், ஆனால் திருச்சியில் ஒருவர் வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே தன் கையால் போட்டு வைத்த கணக்கு வேறு எங்கும் இருக்காது. ஓரத்தில் ஏதாவது குறிப்பு எழுதியிருப்பார். கரண்ட் போன இடம், ஆத்திரத்தில் அழுத்தி எழுதிய விக்கெட் எல்லாம் அதில் இருக்கும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். முடிந்தால் அவர் பக்கத்தைப் புரட்டிப் பேசும்போது குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமைக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த ஆஸ்திரேலியா டெஸ்ட் அந்த நோட்டுகளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெயிக்க 348. 347 எடுத்தாயிற்று. கடைசி ஓவர், ஐந்தாவது பந்து, கிரெக் மேத்யூஸ் போட மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. எதிர்முனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு அப்படியே நிற்கிறார். இரண்டு அணியும் சமமான ரன்னில் முடிக்கும் 'டை', டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது. அந்தப் பந்துக்கு உங்கள் அப்பா நோட்டில் என்ன குறி போட்டிருக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்