உண்ணிக் கடியா, உணர்வின் மயக்கமா? நீலகிரி வாசகர்களுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கோத்தகிரி வாசகி: டாக்டர் ஐயா, அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஆறு மாதமாகத் தோலுக்குள் உண்ணி ஊர்கிறது என்கிறார். சொறிந்து எடுத்ததைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். உண்ணிக் காய்ச்சலா?

இல்லை அம்மா. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ், கடிபட்ட 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சலோடு வரும். மாதக்கணக்கில் வெறும் ஊரும் உணர்வாக நீளாது. உண்ணி தோலின் மேல் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்குமே தவிர, உள்ளே புகுந்து திரியாது.

ஆனாலும் அந்தத் தீப்பெட்டியை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நுண்ணோக்கியில் பார்க்காமல் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பெரும்பாலும் பொருக்கு, நூல், முடிதான் இருக்கும். தோலுக்குள் குடியிருப்பது ஸ்கேபிஸ் எனும் சிரங்குப் பூச்சி. விரலிடுக்கில் தடிப்பு, இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் மற்றவருக்கும் அரிப்பு இருந்தால் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகள் தேவை. பார்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறாரா, நினைவு தடுமாறுகிறதா என்றும் பாருங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் எவ்வளவு விளக்கினாலும் நம்பிக்கை அசையாவிட்டால்தான், ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல் எக்போம் 1938இல் விவரித்த பூச்சித் தொற்று மருட்சி, அதாவது இல்லாத பூச்சி உடம்பில் இருப்பதாக உறுதியாக நம்பும் நோய், என்ற முடிவுக்கு வரலாம்.

கூடலூர் வாசகி: கணவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி. நேற்றிலிருந்து ‘உடம்பெல்லாம் பூச்சி’ என்று பிதற்றுகிறார். மனநல மருத்துவரிடம் போகலாமா?

முதலில் பொது மருத்துவமனை, அதுவும் இன்றே! காய்ச்சலோடு வரும் பிதற்றலை மனநோய் என்று ஒதுக்குவது உயிருக்கே ஆபத்து. ஸ்க்ரப் டைபஸ் மூளையையும் தாக்கும். ஆடையை விலக்கி அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் பாருங்கள்: சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கரும்புண் இருக்கலாம். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் இது உண்ணியால் அல்ல, புதரிலுள்ள சிறு பூச்சியின் இளம்புழு கடித்து வருவதால், கடித்ததே பலருக்குத் தெரியாது. டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு இது நன்றாகக் கேட்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த மருந்தைத் தள்ளிப்போடுவதில்லை. குடிப்பழக்கம் இருந்து திடீரென நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதிலும் இப்படிப் பூச்சி தெரியும். காட்டோரம் குரங்குகள் இறந்து கிடந்தனவா என்பதும் முக்கியம்: 1957இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியால் பரவுவது.

குன்னூர் வாசகர்: அப்பாவுக்கு மருட்சி என்று உறுதியாகிவிட்டது. ‘பூச்சியே இல்லை’ என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார். மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். தெரிந்துவிட்டால் உங்களையும் மருத்துவரையும் சேர்த்து வெறுப்பார். வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். ‘உங்களுக்கு ஊர்வது நிஜம், தூக்கம் கெடுவதும் நிஜம், என் கண்ணுக்குத்தான் பூச்சி தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, தவிக்கிறார். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்து குறைந்த அளவிலேயே பலருக்கு அந்தத் தவிப்பைக் குறைக்கிறது. அது என்ன மருந்து என்பதை மருத்துவரே அவரிடம் நேர்மையாகச் சொல்லட்டும். தோட்டத்துப் பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். உடம்பில் பூசிக்கொண்டு புண்ணாகி வருபவர்கள் உண்டு.

ஊட்டி வாசகர்: நாய் உண்ணி காலில் ஒட்டியிருக்கிறது. இரத்தப் பரிசோதனை வேண்டுமா?

இப்போது வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். தீக்குச்சி, எண்ணெய் வேண்டாம். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால், கடித்த தேதியைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.