நாய்க்கு வேகவெச்ச ஃப்ரெஷ் சாப்பாடு: எதப் பாத்து வாங்குறது?

கேள்வி: எங்க நாய்க்கு 4 வயசு, கொஞ்ச நாளா உலர் தீனிய மோந்து பாத்துட்டு அப்படியே போயிடுறான். வீட்டுக்கே கொண்டு வந்து தர்ற, லேசா வேகவெச்ச ஃப்ரெஷ் சாப்பாட்டுக்கு மாத்தலாம்னு இருக்கோம், எப்படி தேர்ந்தெடுக்கிறது?

பதில்: திடீர்னு சாப்பிடலன்னா மொதல்ல பல்லையும் வயித்தையும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். பாக்கெட் மேல இருக்கிற கறி, காய் படத்துல மயங்காதீங்க, முழுமையான சமச்சீர் உணவுன்னும் எந்த வயசு நாய்க்குன்னும் லேபிள்ல போட்டிருக்கான்னு பாருங்க, ஏன்னா வெறும் கறியில பாஸ்பரஸ் நெறைய, கால்சியம் ரொம்ப கம்மி, அத சேக்காம மாசக்கணக்கா குடுத்தா எலும்பு பலவீனமாயிடும். ரெசிபி போட்டது கால்நடை ஊட்டச்சத்து நிபுணரான்னு நேராவே கேளுங்க, சுத்தி வளைச்சு பதில் சொன்னா அந்த சர்வீஸே வேணாம். வெங்காயம், பூண்டு, திராட்சை இருக்கவே கூடாது. பெட்டி வந்ததும் தொட்டுப் பாருங்க, பாக்கெட் தொளதொளன்னு வெதுவெதுப்பா இருந்தா திருப்பி அனுப்பிடுங்க. உறைஞ்சத ஃப்ரிட்ஜுக்குள்ளயே வெச்சு இளக விடுங்க. பழைய தீனியோட கால் பங்கு புதுசு கலந்து ஆரம்பிச்சு 7-லருந்து 10 நாள்ல முழுசா மாத்துங்க, நடுவுல மலம் இளகினா ரெண்டு நாள் அதே அளவுல நிறுத்தி வைங்க.